விண்ட்ஸர் நாற்காலியும் நீராவியில் மரம் வளைக்கும் முறையும்

இங்கிலாந்து தேசத்தின் கிராமக் கைத்தொழில்களுள் விண்ட்ஸர் நாற்காலி செய்வது பெயர் பெற்ற ஒன்றாகும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய இந்நாற்காலி, முதலில் பிரபுக்களின் தோட்டங்களில் இடம்பெற்று, பின்னர்ச் சமையலறை, விடுதி, பள்ளிக்கூடம், மாதா கோயில் என எங்கும் பரவிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்திலும் இத்தொழில் வேரூன்றிவிட்டது. இதில் இரும்புச் சட்டமில்லை, விலையுயர்ந்த மரமுமில்லை. ஒரு கட்டைவிரல் பருமனும் இல்லாத குச்சிகளே முதுகைத் தாங்குகின்றன. அப்படியிருந்தும் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட நாற்காலிகள் பல இன்றும் ஆட்டமின்றி உபயோகத்தில் இருக்கின்றன.

இவ்வுறுதி எங்கிருந்து வந்தது என்பது முதற் கேள்வி. இவ்வளவு தேர்ந்த வேலை செய்த கிராமத் தொழிலாளர் ஏன் தம் ஜீவனத்தை இழந்தனர் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு மரத்தின் இயல்பு விடை சொல்லும். இரண்டாவதற்குத் தொழிலின் சரித்திரம் விடை சொல்லும். இவ்விரண்டையும் முறையே ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நாற்காலியின் அமைப்பு

சாதாரண நாற்காலியைக் கவனித்தால், பின்கால்கள் இரண்டும் மேல்நோக்கி நீண்டு சாய்மானத்தின் தூண்களாகவும் நிற்பதைக் காணலாம். உட்காரும் பகுதி அத்தூண்களோடு பொருத்திய சட்டங்களின் மேல் கிடக்கும். விண்ட்ஸர் நாற்காலியின் அமைப்பு இதற்கு முற்றிலும் வேறானது. இதில் உட்காரும் பீடமே அஸ்திவாரம். ஏறக்குறைய 2 அங்குலக் கனமுள்ள ஒரு பலகையே பீடமாகும். கால்கள் நான்கும் கீழிருந்து அதன் துளைகளிற் செருகப்படுகின்றன. சாய்மானக் குச்சிகளும் வளைந்த வில்லும் மேலிருந்து செருகப்படுகின்றன. கால் வேறு, சாய்மானம் வேறு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பீடம் ஒன்றே.

கால்கள் நேராக நிற்காமல் நாற்புறமும் சற்று விரிந்து நிற்கும். பருமனான இடத்தில் அவை சுமார் 1¾ அங்குலம் இருக்கும். முன்காலையும் பின்காலையும் இணைக்கப் பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கட்டையும், அவ்விரண்டையும் நடுவில் இணைக்க மற்றொன்றுமாக மூன்று கட்டைகள் உண்டு. பீடத்தின் உயரம் தரையிலிருந்து 17 அல்லது 18 அங்குலம். சாய்மானக் குச்சிகள் அடியில் அரை அங்குலமும் நுனியில் அதனினும் குறைவாகவும் இருக்கும். மெலிந்த குச்சி முதுகு சாயும்போது சிறிது வளைந்து கொடுக்கும். பாரம் எல்லாக் குச்சிகளுக்கும் பகிர்ந்து செல்லும். ஆகையால் மெத்தை இல்லாமலே இந்நாற்காலி சுகமாயிருக்கிறது.

2. வேலைக்கு ஏற்ற மரம்

ஒரே நாற்காலியில் மூன்று நான்கு ஜாதி மரங்களைக் காணலாம். இது அழகுக்காகச் செய்ததன்று. ஒவ்வோர் உறுப்பும் செய்யவேண்டிய வேலை வேறு. அதற்குத் தக்கபடி மரமும் வேறு.

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் ஜில்லாவில் சில்ட்டர்ன் என்னும் குன்றுகள் உள்ளன. அங்கே பீச்சு மரம் அடர்ந்து வளர்கிறது. பீச்சு மரம் பச்சையாக இருக்கும்போது எளிதிற் பிளக்கும், கடைசலுக்கு மிருதுவாக இடங்கொடுக்கும், உலர்ந்தபின் கடினமாகிவிடும். ஆதலின் கால்களும் குறுக்குக் கட்டைகளும் பீச்சு மரத்தில் ஆயின. பீடத்துக்கு எல்ம் மரம் எடுத்தார்கள். எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை; ஓரத்தருகே பல துளைகள் இட்டாலும் அது வெடிக்காது. வில்லுக்கு ஆஷ் மரமும், விலை அதிகம் பெறும் நாற்காலிகளுக்கு யூ மரமும் வழங்கின. இவை நீராவி பட்டால் நன்கு வளையும்.

அமெரிக்காவில் மரங்கள் வேறாயினும் தத்துவம் அதுவே. அங்கே பீடத்துக்கு இலகுவான பைன் மரத்தையும், காலுக்குக் கடையத்தக்க மேப்பிள் மரத்தையும், வில்லுக்கும் குச்சிக்கும் ஓக்கு, ஹிக்கரி மரங்களையும் கொண்டார்கள். மரங்கள் பலவாதலால் நிறமும் பலவாயிற்று. அதை மறைக்கப் பச்சை முதலிய வர்ணம் பூசினார்கள். எந்த மரம் உயர்ந்தது என்பதன்று கேள்வி. எந்த வேலைக்கு எந்த மரம் என்பதே கேள்வி.

3. பிளத்தலும் சீவுதலும் கடைதலும்

மரம் என்பது நீண்ட நார்களை ஒன்றாகக் கட்டிய கட்டுப் போன்றது. அந்நார்கள் அடிமுதல் நுனிவரை அறுபடாமல் ஓடினால் மெலிந்த குச்சியும் பலம் பெறும். ரம்பத்தால் அறுக்கும்போது இந்த நியமம் கெட்டுவிடுகிறது. ரம்பம் கோட்டை மதிக்குமேயன்றி நாரை மதியாது. மரத்தில் நார் சற்றே சாய்ந்து ஓடினாலும், நேர்கோட்டில் அறுத்த குச்சியின் பக்கத்தில் நார்கள் வெட்டுண்டு வெளியே முடிந்துவிடும். அக்குச்சியை வளைத்தால் முதலில் அவ்விடத்திலேதான் பிளவு காணும்.

ஆகையால் குச்சிகளையும் வில்லையும் அறுக்காமல் பிளந்தே எடுக்க வேண்டும். முடிச்சில்லாத நேரான அடிமரத்தைத் தேர்ந்து, புதிதாக வெட்டிய நிலையிலேயே ஆப்புகளை அறைந்து இரண்டாகவும், பின் நான்காகவும், எட்டாகவும் பிளப்பார்கள். சிறு துண்டுகளைப் பிளக்க, பிடி மேல்நோக்கியும் அலகு பக்கவாட்டிலும் அமைந்த ஒரு கத்தி உண்டு. அதன் முதுகில் மரச் சுத்தியால் அடித்து உள்ளே இறக்கிப் பிடியை நெம்பினால் மரம் நாரின் வழியே பிரியும். பிளவு ஒரு பக்கமாக ஓடினால், கனமான பக்கத்தைக் கீழே வைத்து அழுத்தி நெம்புவதன்மூலம் அதை நடுவுக்குத் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் சம பாதியாகப் பிளப்பதே நல்லது. ஓரத்தில் மெல்லிய சிம்பை எடுக்க முயன்றால் பிளவு வெளியே ஓடிவிடும்.

பிளந்த துண்டை இரு புறமும் பிடியுள்ள கத்தியால் சீவ வேண்டும். தொழிலாளி ஒரு நீண்ட பலகையின்மேல் குதிரையேறினாற்போல் உட்கார்ந்து, காலால் மிதியை உந்துவான். மிதியோடு இணைந்த கட்டை துண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்ததும் பிடி விட்டுவிடும். துண்டைத் திருப்பி வைத்து மீண்டும் சீவலாம். இரு கைகளும் கத்திக்கே உரியவாகையால் வேலை விரைவாக நடக்கும்.

கால்களைக் கடைவதற்குச் சில்ட்டர்ன் காடுகளில் வழங்கிய கடைசல் யந்திரம் மிக எளியது. வளைந்து கொடுக்கும் இளமரக் கழி ஒன்று தலைக்குமேல் நீட்டியிருக்கும். அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு, கடையவேண்டிய துண்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காலடியிலுள்ள மிதியிற் கட்டப்பட்டிருக்கும். மிதித்தால் துண்டு தொழிலாளியை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து துண்டைத் திருப்பிச் சுழற்றும். அப்போது உளியைச் சற்று விலக்க வேண்டும். இந்த யந்திரத்தை மரம் வெட்டிய இடத்திலேயே நாட்டிக்கொள்ளலாம். கனத்த அடிமரத்தை ஊருக்கு இழுத்துச் செல்வதைவிடக் கடைந்த கால்களை வண்டியில் ஏற்றிச் செல்வது சுலபமல்லவா?

4. ஈரத்தின் குணம்

புதிதாக வெட்டிய மரத்தில் நீர் மிகுதியாக உண்டு. உலரும்போது முதலில் நாரின் குழாய்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறும். அதனால் அளவில் மாறுதல் இல்லை. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியபின் நாரின் சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்கும். அதுமுதல் மரம் சுருங்கும். இச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாயிராது. நீளவாட்டில் அது ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு உண்டு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. பச்சையாக வட்டமாகக் கடைந்த கால் உலர்ந்தபின் முட்டை வடிவாவது இதனாலேயே.

இதை அறியாதவன் பொருத்திய நாற்காலி நாளடைவில் ஆடும். அறிந்தவன் இதையே தனக்கு ஆளாக்கிக்கொள்வான். காலில் இட்ட துளையில் குறுக்குக் கட்டையின் முளை நுழைவதாகக் கொள்வோம். முளை ஈரமாகவும் கால் உலர்ந்தும் இருந்தால், முளை பிறகு சுருங்கித் துளையில் தளர்ந்துவிடும். முளையை நன்கு உலர்த்திவிட்டு, காலில் சிறிது ஈரத்தை வைத்திருந்தால் நேர்மாறாக நடக்கும். உலர்ந்த முளை காலின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சிப் பருக்கும்; கால் உலர உலரத் துளை சுருங்கி முளையை நெரித்துப் பிடிக்கும். இதற்காகவே பச்சை மரத்தில் வேலை செய்யும் தச்சர் குறுக்குக் கட்டையின் நுனிகளைச் சூடான மணலிற் புதைத்து உலர்த்துவதுண்டு. ஆனால் கால் அதிக ஈரமாயிருக்கவும் கூடாது. இருந்தால் சுருக்கம் மிஞ்சித் துளையருகே வெடிப்புக் காணும்.

5. நீராவியில் வளைத்தல்

விண்ட்ஸர் நாற்காலியின் வேலைகளுள் பிறரை வியக்கச் செய்வது வில் வளைத்தலே. இதில் மந்திரம் ஏதும் இல்லை, கணக்கு உண்டு. வில்லின் உட்புறம் 8 அங்குல ஆரமுள்ள அரைவட்டம் என்றும், கட்டையின் கனம் முக்கால் அங்குலம் என்றும் கொள்வோம். உட்புறத்தின் நீளம் சுமார் 25 அங்குலம். வெளிப்புறத்தின் நீளம் சுமார் 27½ அங்குலம். நேராக இருந்தபோது இரு புறமும் ஒரே நீளமாயிருந்தன. ஆகவே வளைத்தபோது வெளிப்புறம் நீண்டிருக்க வேண்டும். அல்லது உட்புறம் குறுகியிருக்க வேண்டும். வித்தியாசம் ஏறக்குறைய 2⅓ அங்குலம், அதாவது நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல்.

மரம் இழுத்தால் அதிகம் நீளாது. நீராவியில் வேகவைத்தாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் நீண்டால் அறுந்துவிடும். அழுத்தினாலோ வேறு விதம். தக்க ஜாதி மரத்தை ஈரத்தோடு சூடாக்கினால் நீளவாட்டில் நூற்றுக்கு 25 பங்குவரைகூட அழுந்தும். நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். ஆறியவுடன் மீண்டும் இறுகும். ஆதலின் நீராவியில் வளைப்பதென்பது மரத்தை நீட்டுவதன்று, உட்புறத்தை நெருக்குவதேயாகும். இந்த உண்மையை மனத்தில் வைத்தால் கீழ்க்கண்ட விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவது, கட்டை நாரின் வழியே பிளந்ததாகவும் முடிச்சற்றதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, அதில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் இருப்பது நலம். உலையில் உலர்த்திய மரம் இவ்வேலைக்கு உதவாது. அதன் லிக்னின் முன்பே இறுகிவிட்டிருக்கும். மூன்றாவது, வளைப்பதற்கு முன்பே கட்டையைச் சமமான கனத்துக்குச் சீவிவிட வேண்டும். ஓரிடம் மெலிந்திருந்தால் வளைவு முழுவதும் அவ்விடத்திலேயே குவிந்து முறியும்.

நீராவிப் பெட்டிக்கு அதிகச் செலவில்லை. பலகைகளால் நீண்ட பெட்டி ஒன்று செய்து, நீர் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு குழாயை அதனுட் செலுத்தினால் போதும். உள்ளே குறுக்காகச் சில குச்சிகளை வைத்து அவற்றின்மேல் கட்டையைக் கிடத்தினால் நீராவி நாற்புறமும் படும். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, தாழ்ந்த முனையில் துளையிட வேண்டும். குளிர்ந்த நீர் அதன் வழியே வடியும். இத்துளையையும் பெட்டியின் வாயையும் ஒருபோதும் இறுக அடைத்தல் கூடாது. இவ்வேலைக்கு அழுத்தம் தேவையில்லை; 100 டிகிரி சென்டிகிரேடு சூடே தேவை. வெளியேற வழியற்ற நீராவி பாத்திரத்தை வெடிக்கச் செய்து ஆளைக் கொன்றுவிடும். பெட்டியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்வதும், கைகளில் தடித்த உறை அணிவதும் அவசியம்.

பெட்டியிலிருந்து நீராவி தாராளமாக வெளிவரத் தொடங்கியபின் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தொழிலாளர் கைக்கொண்ட வாய்பாடு. முக்கால் அங்குல வில்லுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அச்சு, ஆப்பு, முளைக்குச்சிகள், உதவியாள் எல்லாம் முன்னரே ஆயத்தமாயிருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கட்டை கணத்துக்குக் கணம் ஆறிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் வளைத்து முடிக்க வேண்டும்.

கனத்த பலகையின்மேல் வில்லின் வடிவாக வெட்டிய கட்டையைப் பதித்தால் அதுவே அச்சு. சூடான கட்டையின் நடுவை அச்சின் நடுவோடு பொருத்தி ஆப்பிறுக்கி, இருவர் இரு முனைகளையும் பிடித்து ஒரே சீராக இழுத்து வர வேண்டும். வெடுக்கென இழுப்பதும், இடையில் நிறுத்துவதும் தவறு. வளைந்து வர வர, பலகையிலுள்ள துளைகளில் முளைக்குச்சிகளைச் செருகி ஆப்பிட்டுக் கட்டையை அச்சோடு ஒட்டச் செய்ய வேண்டும். ஆறியபின் இரு முனைகளையும் கயிற்றாற் பிணைத்து அச்சிலிருந்து எடுத்து, சூடும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒரு வாரமோ அதற்கு மேலோ உலரவிடலாம். முற்றும் உலருமுன் கயிற்றை அவிழ்த்தால் வில் விரிந்துவிடும்.

வளைவின் வெளிப்புறத்தில் சிம்பு கிளம்பினால் நார் குறுக்கே ஓடியிருக்கிறது, அல்லது கட்டை போதிய ஈரமும் சூடும் பெறவில்லை என்று அறிக. உட்புறத்தில் மடிப்பு விழுந்தால் முடிச்சு இருந்திருக்கலாம், அல்லது ஈரம் மிஞ்சியிருக்கலாம். மரம் தன் குறையைத் தானே எழுதிக் காட்டுகிறது. படிக்கத் தெரிந்தவன் மறுமுறை திருத்திக்கொள்வான்.

வெளிப்புறம் நீளாமல் தடுக்க மற்றொரு உபாயமும் உண்டு. ரைன் நதிக்கரையிலுள்ள போப்பார்டு என்னும் ஊரிற் பிறந்து வியன்னா நகரில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் என்பவர், வளைக்கவேண்டிய பீச்சுக் கட்டையின் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டையை வைத்து இரு முனைகளையும் இறுக்கிப் பிடிக்கும் முறையைக் கையாண்டார். பட்டை நீளாததால் மரமும் நீளாது. மாறுதல் முழுவதையும் உட்புறம் அழுந்தி ஏற்றுக்கொள்ளும். இம்முறையால் தடித்த கட்டைகளையும் சிறு வளையங்களாக வளைக்க முடிந்தது. 1859-ல் வெளிவந்த அவரது 14ஆம் எண் நாற்காலி 1930-க்குள் ஐந்து கோடி விற்றதாகக் கூறப்படுகிறது. தத்துவம் கிராமத் தொழிலாளிக்கும் தொழிற்சாலைக்கும் ஒன்றே என்பதற்கு இது சான்று.

6. பீடமும் பொருத்துதலும்

பீடப் பலகையை உட்காருவதற்கு ஏற்றபடி குடைய வேண்டும். வாய்ச்சி பிடித்தவன் பலகையைத் தன் பாதங்களுக்கிடையே தரையில் வைத்து, நின்றபடியே தன்னை நோக்கி வெட்டுவான். கை சற்றுத் தவறினாலும் பாதம் போய்விடும். பிறகு வளைந்த அலகுள்ள சீவுளிகளால் வாய்ச்சியின் தழும்பை மாற்றி வழவழப்பாக்குவார்கள்.

கால் துளைகளை நேராக இடாமல் கால் விரியவேண்டிய அளவுக்குச் சாய்த்து இட வேண்டும். துளை பீடத்தை ஊடுருவும் முறையில், முளையின் தலையிற் பிளவு செய்து ஆப்பறைவது வழக்கம். இந்த ஆப்பு பீடத்தின் நார் ஓட்டத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நாரின் வழியே நின்றால் அதுவே பீடத்தைப் பிளந்துவிடும். குறுக்குக் கட்டைகளை அளந்த நீளத்தினும் ஓர் அணுவளவு அதிகமாக வைத்தால், அவை கால்களை வெளிநோக்கித் தள்ளியபடி எப்போதும் இறுக்கமாக நிற்கும். முடிவில் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களிலும் ஒரே உயரத்திற் கோடிட்டு அடியை அறுத்துச் சமன் செய்வார்கள்.

7. தொழிலாளரின் நிலை

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பக்கிங்காம்ஷயர் ஜில்லாவிலுள்ள ஹை விக்கம் என்னும் ஊர் 19ஆம் நூற்றாண்டில் இத்தொழிலுக்குத் தலைநகரமாயிற்று. 1870களில் அங்கே நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் ஆயின என்பது அக்காலத்து மதிப்பு. 1877-ல் விக்டோரியா மகாராணி அவ்வூருக்கு வந்தபோது, வீதியின் குறுக்கே நாற்காலிகளையே அடுக்கித் தோரண வாயில் அமைத்து வரவேற்றார்கள்.

இவ்வளவு நாற்காலிகள் விரைவில் ஆவதற்காக வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. காட்டில் கால் கடைபவர் ஒருவர். பீடம் குடைபவர் ஒருவர். வில் வளைப்பவர் ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்துபவர் ஒருவர். சாயம் ஏற்றுபவர் ஒருவர். பிரம்பு பின்னும் வேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்தார்கள்.

காட்டிற் கால் கடைபவருக்குப் 'பாட்ஜர்' என்று பெயர். அவர்கள் காட்டில் நிற்கும் மரங்களை ஏலத்தில் எடுத்து, அங்கேயே குடிசை அமைத்து, வெட்டிப் பிளந்து கடைந்து உலர்த்தி, ஹை விக்கம் முதலாளிகளுக்கு விற்றார்கள். அவர்களது 'குரோஸ்' கணக்கில் 144 கால்களும் அவற்றோடு 108 குறுக்குக் கட்டைகளும் அடங்கும். அதாவது 36 நாற்காலிகளுக்கு வேண்டியவை. மரத்தைத் தேர்வது முதல் கடைசல் வரை அவர்களது திறமைக்கு ஈடில்லை. ஆயினும் அவர்கள் கையிலிருந்து முழு நாற்காலி ஒன்றும் வெளிவரவில்லை. காலை மட்டும் வாங்கி உட்கார யார் வருவார்? வாங்குவோர் பட்டணத்து முதலாளிகளே. விலை சொல்வோரும் அவர்களே.

தொழிற்சாலைகளில் யந்திர சக்தியால் இயங்கும் கடைசல்கள் வந்தபோது பாட்ஜருடைய கால்களுக்குத் தேவை குறைந்தது. 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்துக்குப்பின் அவர்கள் தொகை சுருங்கிக்கொண்டே வந்து, 1950களில் மிகச் சிலரே எஞ்சினர். பிறகு அவ்வரிசை முடிந்தது. நாற்காலிக்கோ அழிவு வரவில்லை. 1920-ல் லூசியன் எர்கொலானி ஹை விக்கத்தில் நிறுவிய தொழிற்சாலைக்கு, 1944-ல் பிரிட்டிஷ் வர்த்தக இலாகா குறைந்த விலையில் ஒரு லட்சம் நாற்காலிகள் செய்யக் கட்டளையிட்டது. அவை விண்ட்ஸர் நாற்காலிகளே. பண்டம் பிழைத்தது, அதைச் செய்த கிராமத்தான் பிழைக்கவில்லை.

இதிலிருந்து வேலைப் பிரிவே தீமை என்று கொள்ளலாகாது. பிரித்துச் செய்தமையால்தான் ஏழை வீட்டுக்கும் நல்ல நாற்காலி கிடைத்தது. ஆனால் ஒரு துண்டு வேலையை மட்டும் அறிந்து, மற்றத் துண்டுகளையும் சந்தையையும் பிறர் கையில் விட்டவனுக்கு, அப்பிறர் மனம் மாறும் நாளில் போக்கிடம் இல்லை. இதை ஒப்புநோக்க வேண்டுமானால் பின்னர் நடந்ததைப் பார்க்கலாம். 1970களின் பிற்பகுதி முதல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலர் இப்பழைய முறைகளை மறுபடியும் கற்று, நூல்கள் எழுதி, பிறருக்கும் போதிக்கலாயினர். கழிக் கடைசல்காரருக்கென இங்கிலாந்தில் 1990-ல் ஒரு சங்கமும் ஏற்பட்டது. இப்புதிய தொழிலாளர் மரம் பிளப்பது முதல் வர்ணம் பூசுவது வரை தாமே செய்து, முழு நாற்காலியைத் தம் பெயரால் விற்கிறார்கள். தொகை சிறிது, ஆனால் விலை சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருக்கிறது.

அவர்களுக்கும் கவலை இல்லாமலில்லை. 1960களின் பிற்பகுதியில் பரவிய ஒரு பூஞ்சை நோயால் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் மடிந்தன. பீடத்துக்குரிய மரம் அரிதாயிற்று. வில்லுக்குரிய ஆஷ் மரத்தை வாட்டும் மற்றொரு பூஞ்சை நோய், 2012-ல் பக்கிங்காம்ஷயரிலுள்ள ஒரு நாற்றுப் பண்ணையிலேயே அந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஒரு மரம் போனால் அதன் இடத்தில் எதை வைப்பது என்பதை, எல்ம் மரத்தை ஏன் முதலில் தேர்ந்தார்கள் என்று அறிந்தவனே சொல்ல முடியும். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவன் திகைத்து நிற்பான். பின்னிய நார் வேண்டும், வெடிக்கக் கூடாது என்ற காரணத்தை அறிந்தவன் அக்குணமுள்ள வேறு மரத்தைத் தேடிக்கொள்வான்.

ஆகவே இத்தொழிலில் மூலதனம் என்பது பெரிய யந்திரமன்று. ஆப்பும், கத்தியும், கொதிக்கும் நீரும் எங்கும் கிடைப்பவை. நார் எப்படி ஓடுகிறது, ஈரம் எப்படி இறங்குகிறது, சூட்டில் மரம் எதற்கு இணங்குகிறது, செய்த பண்டத்தை யார் வாங்குகிறார் என்ற அறிவே மூலதனம். அது முழுதாக ஒருவனிடம் இருக்கும்வரை அவனுக்குச் சொந்தம்.

வாசகசாலைக் கூட்டங்களில் ஆராய்தற்குரிய வினாக்கள்

(1) விண்ட்ஸர் நாற்காலியில் பீடமே அஸ்திவாரம் என்பது ஏன்?

(2) அறுத்த குச்சிக்கும் பிளந்த குச்சிக்கும் உறுதியில் வித்தியாசம் எதனால் உண்டாகிறது?

(3) முளையும் துளையும் பொருந்தும் இடத்தில் எது உலர்ந்தும் எது சிறிது ஈரமாகவும் இருக்க வேண்டும்? மாறினால் நேர்வது என்ன?

(4) ஓர் அங்குலக் கனமுள்ள கட்டையை 10 அங்குல உள் ஆரமுள்ள அரைவட்டமாக வளைத்தால், உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நீளத்தில் வித்தியாசம் எவ்வளவு? அவ்வித்தியாசத்தை எப்புறம் ஏற்கிறது?

(5) நீராவிப் பெட்டியை இறுக அடைத்தலாகாது என்பதன் காரணம் யாது?

(6) உங்கள் ஊர்க் கைத்தொழில்களுள், ஒரு துண்டு வேலையை மட்டும் செய்து பிறர் சொல்லும் விலைக்கு விற்பவை எவை? முழுப் பண்டத்தையும் ஊரிலேயே செய்து முடிக்க இன்னும் கற்கவேண்டியது என்ன?